கோடிட்ட இடத்தை நிரப்பும் கதை விளையாட்டு: தமிழில் எழுதினால் உருபு இடிக்கிறது, என்ன செய்வது?

மழைக்குருவி கேட்டது:

பண்டிகைக்கு வீட்டில் 15 பேர் கூடுகிறோம், 6 வயதிலிருந்து 70 வயது வரை. கதையைக் காட்டாமல் "ஒரு விலங்கு சொல்லு, ஒரு எண் சொல்லு" என்று வார்த்தைகளை வாங்கி, கோடிட்ட இடங்களில் போட்டு உரக்க வாசிக்கும் விளையாட்டு வைக்கலாம் என்று எண்ணம். ஆங்கிலக் கதையைத் தமிழாக்கிப் பார்த்தேன். "அவர் ____ஐ எடுத்தார்" என்று வருகிறது. யாராவது "மரம்" என்றால் "மரம்ஐ" ஆகிவிடுகிறது. வினைச்சொல் இன்னும் மோசம். ஒரு கதைக்கு எத்தனை கோடு வைக்கலாம்? எழுதத் தெரியாத குட்டிகளை எப்படிச் சேர்ப்பது?

சொல்லேர் பதில்:

மொழிபெயர்க்காதீர்கள், புதிதாக எழுதுங்கள். தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வாலே மாறிவிடும்: மரம், மரத்தை, வீடு, வீட்டை, ஆறு, ஆற்றை. ஆகவே கோட்டின் மேல் உருபை ஏற்றாமல், பின்னால் வரும் சொல்லின் மேல் ஏற்ற வேண்டும். "____ ஒன்றை" என்று எழுதினால் "மரம் ஒன்றை", "குடை ஒன்றை" என்று எது வந்தாலும் பொருந்தும். மாதிரி, வழியாக, இல்லாமல் போன்ற சொற்களும் கைகொடுக்கும்: "____ இல்லாமல் தூக்கம் வராது", "____ மாதிரி நடந்தார்". உயிரற்ற பொருளாக இருந்தால் உருபே தேவையில்லாத வினைகள் உண்டு. "குடை வாங்கி வந்தார்" என்பதில் "ஐ" எங்கே இருக்கிறது?

வினைமுற்றைக் கேட்கவே கேட்காதீர்கள். "வந்தான், வந்தாள், வந்தது" என்று திணையும் பாலும் காலும் கையும் முளைத்து வந்து இடிக்கும். அதற்குப் பதில் "கொண்டே" என்று முடியும் செயலைக் கேளுங்கள்: ஓடிக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே. முற்று வினையைக் கதையே வைத்துக்கொள்ளட்டும். அடைமொழிக்கு "ஆன என்று முடியும் சொல்" என்றால் 6 வயதுக் குழந்தைக்கும் புரியும். "பெயரடை" என்று கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள்.

நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து ஓசைச் சொற்கள்தான். "____ என்று விழுந்தார்" என்று ஓர் இடம் வைத்தால் போதும். தொபுக்கடீர், சரசர, கிறீச் எது வந்தாலும் பொருந்தும். எழுதத் தெரியாத குழந்தைகளுக்கு இந்தக் கோட்டையே ஒதுக்குங்கள், அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வலி மிகும் இடத்தைப் பற்றி, அதாவது இரு சொல் நடுவே க், ச், த், ப் சேர்வதைப் பற்றி, கவலை வேண்டாம். "அந்த ____" என்று இருந்தாலும் வாசிப்பவர் வாயிலேயே "அந்தப் பூனை" என்று சரியாக வந்துவிடும்.

திண்ணைக்காற்று பதில்:

இலக்கணம் சரியானாலும் சிரிப்பு வராமல் போவதற்கு இரண்டு காரணம் உண்டு. கதை முதலிலேயே கேலியாக எழுதப்பட்டிருப்பது ஒன்று. அதில் விழும் கோமாளிச் சொல் தனித்துத் தெரியாது. அறிவிப்பு, வானிலைச் செய்தி, வரவேற்புரை என்று விறைப்பான நடையில் எழுதுங்கள். இன்னொன்று, வகையை அகலமாகக் கேட்பது. "ஒரு பொருள்" என்றால் கண்ணெதிரே இருக்கும் மேசையும் நாற்காலியும்தான் வரும். "குளியலறையில் இருக்கும் பொருள்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு மாதிரி:

"அன்பார்ந்த விருந்தினர்களே! உள்ளே வருவோர் வாசலில் நின்று (1: எண்) தடவை (2: ஓசை) என்று குரல் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று வீதம் (3: குளியலறைப் பொருள்) வழங்கப்படும். அதைத் தலையில் வைத்து, (4: 'ஆன' சொல்) முகத்துடன், (5: 'கொண்டே' செயல்) கூடத்துக்கு வரவும். மாலையில் (6: விலங்கு) ஒன்று சிறப்புரை ஆற்றும். சிறந்த விருந்தினருக்குப் பரிசு, (1) கிலோ எடையுள்ள (4) (3)."

47, தொபுக்கடீர், சோப்பு டப்பா, கொழகொழப்பான, குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே, ஒட்டகம் என்று நிரப்பி வாசித்துப் பாருங்கள். கொழகொழப்பான முகத்துடன் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வருவதே போதும். ஆனால் பெரிய சிரிப்பு கடைசி வரியில்தான் வெடிக்கும், ஏனென்றால் 1, 3, 4 மூன்றும் அங்கே திரும்பி வருகின்றன. ஒவ்வொரு கதையிலும் இரண்டு மூன்று சொல்லையாவது முடிவில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கோடுகள் 10 முதல் 15 வரை, கதை 100 முதல் 150 சொல். 15 கோடு என்றால் உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று, யாரும் விடுபட மாட்டார்கள். யோசிக்க ஐந்து விநாடிதான். அதற்கு மேல் விட்டால் "நல்ல சொல்" தேட ஆரம்பித்துவிடுவார்கள், ஆட்டம் படுத்துவிடும். வகைகளை மட்டும் எண்ணிட்டு ஒரு தாளிலும், கதையை அதே எண்களோடு இன்னொரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தாளில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துவிடுவார்.

வீட்டில் இருப்பவர் பெயர் விழும் இடத்தில் எடை, கல்யாணம், மதிப்பெண், சம்பளம் எதுவும் வரக்கூடாது. அந்தப் பெயர்க்காரர் கதையில் ஜெயிப்பவராக இருக்கட்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மழைக்குருவி:

இருவருக்கும் நன்றி! "ஒன்றை" போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மூன்று அணியாகப் பிரித்து, ஒரே கதையை மூன்று அணியும் நிரப்பி வாசித்தால் சரியாக வருமா? வெளியூரிலிருந்து சிலர் வீடியோ காலில் சேர்வார்கள்.

காகிதக்கப்பல் பதில்:

ஒரே கதை மூன்று முறை என்றால் இரண்டாவது வாசிப்பிலேயே கதை தெரிந்துபோகும், மூன்றாவதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரே வகைப் பட்டியலுக்குப் பொருந்தும்படி இரண்டு வேறு கதைகள் எழுதி, சொற்களை ஒரே முறை வாங்கி இரண்டிலும் ஊற்றுங்கள். முதல் கதையில் பரிசாக வந்த சோப்பு டப்பா இரண்டாவதில் வானிலிருந்து பொழியும்போது, சொல்லைக் கொடுத்தவர் அடையாளம் கண்டு கத்துவார்.

வீடியோ காலில் குரல் தாமதமாக வரும், ஐந்து விநாடிக் கணக்கு அவர்களுக்குச் செல்லாது. அவர்களுடைய வகைகளை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அணியாக ஆடத்தான் ஆசை என்றால் மடிப்புத் தாள் நல்லது. ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தாள். ஒருவர் எழுதி, மடித்து, அடுத்தவருக்குத் தள்ளுவார். 1920களில் பாரிஸின் சர்ரியலிசக் கவிஞர்கள் (கனவுபோல விசித்திரமாக எழுதியவர்கள்) இதை ஆடியபோதும் எந்த இடத்தில் பெயர்ச்சொல், எங்கே வினை என்று வரிசையை முதலிலேயே வகுத்துக்கொண்டார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் வரிசை இப்படி: யார், இன்னும் யார், எங்கே, எப்படி, என்ன செய்தார்கள். முதல் இரண்டு பேரும் "உம்" போட்டே எழுத வேண்டும், கடைசி ஆள் "ஆர்கள்" என்று முடிக்க வேண்டும். "தாத்தாவும், ஒட்டகமும், கிணற்றுக்குள், ரகசியமாக, ஊஞ்சல் ஆடினார்கள்" என்று எது விழுந்தாலும் வாக்கியம் நிற்கும். மடிப்பு ஒரு விரல் அகலம் இருக்கட்டும். குறுகலாக மடித்தால் பிரிக்கும்போது கிழிந்துவிடும்.