புதுப்பிப்பு: 10 கிலோமீட்டர் ஓடி முடித்தாச்சு

ஐந்துக்கு மேல் ஓடியதே இல்லை, 10 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேனே, ஞாயிறன்று தஞ்சாவூரில் ஓடி முடித்தேன், 1 மணி 16 நிமிடம். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே பழகுங்கள் என்றீர்கள், அதையேதான் திருவையாறு சாலையில் செய்தேன். டெல்டா முழுக்கத் தட்டை என்று நினைத்தால் தப்பு. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமும் ஒரு குட்டி மேடு, தொடை வலுத்தது அங்கேதான்.

பந்தயத்தன்று முதல் 2 கிலோமீட்டர் கூட்டத்தோடு பறந்துவிட்டு (நீங்கள் வேண்டாம் என்றதும் இதைத்தான்) ஏழாவதில் நாக்கு தள்ளிப்போச்சு. சரி, கொஞ்சம் நடந்தேன். அறுபது வயதிருக்கும், ஒரு ஐயா வெறுங்காலோடு தாண்டிப்போகும்போது "வாங்க தம்பி" என்றார், அப்புறம் எப்படி நடப்பது?

போய்ச் சேர்ந்தபோது இட்லி தீர்ந்திருந்தது. பதக்கத்தை மகள் இன்னும் கழற்றவில்லை.