கணுவில் முள்ளா, கணுவிடையில் முள்ளா? தில்லியில் வன்னி தேடியபோது கற்றவை

ராமகிருஷ்ணபுரத்திலிருந்து:

நான் பிறந்து வளர்ந்தது பரமக்குடிப் பக்கம். அங்கே வேலிகாத்தான் முள் குத்தாத கால் கிடையாது. அடுப்பு விறகு, கரிமூட்டம், வேலியடைப்பு எல்லாமே அந்த மரந்தான். வன்னி எனக்குக் கோயில் வழியாகத் தெரிந்த மரம். விருத்தாசலத்தில் தலமரமாக நிற்கும் வன்னியைச் சிறுமியாக இருந்தபோது வலம் வந்திருக்கிறேன். ஒன்றை வெட்டி எரித்தோம், மற்றொன்றைக் கும்பிட்டோம். ஆகவே இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள், மேல்மாடியில் குடியிருக்கும் தஞ்சாவூர்ப் பெரியவர், 21 வகை இலைகளால் செய்யும் அர்ச்சனைக்கு வன்னி மட்டும் கிடைக்கவில்லை என்றார். சந்தையில் பூ விற்பவரிடம், வன்னிக்கு வடக்கே வழங்கும் பெயரான ‘ஷமி’ என்று கேட்டேன். அவர் தயங்காமல் ஒரு கொத்தை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதைக் கையில் வாங்கிச் சற்று நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மா, கண்ணுக்கு வன்னி மாதிரிதான் தெரிகிறது, ஆனால் எங்கள் ஊர் வன்னியின் முள் இப்படிக் குத்தாதே” என்றார். அது வேலிகாத்தான், தில்லிக்காரர்கள் விலாயதி கீக்கர் என்று சொல்லும் அதே சீமைக் கருவேலம்.

இரண்டுக்கும் இரட்டைக் கூட்டிலை. காம்பின் நுனியில் ஒன்று முதல் மூன்று இணை கிளைகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சிற்றிலைகள். ஆவணியில் வன்னியில் பூவும் இருக்காது, காயும் இருக்காது என்பதால் இலையை மட்டுமே வைத்து முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. வன்னியின் சிற்றிலைகள் பொதுவாகச் சிறியவை, நெருங்கியவை. சீமைக் கருவேலத்தில் அவை நீண்டு, நாடா போல, சற்று இடைவெளி விட்டு நிற்கும். ஆனால் இளந்தளிரையும் முற்றிய இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். எனவே இலையின் அளவை மட்டும் நம்பி நான் இனி எதையும் சொல்வதில்லை.

முள்தான் பேசுகிறது. சீமைக் கருவேலத்தில் முள் இலை புறப்படும் கணுவிலேயே, பெரும்பாலும் இரட்டையாக, நீண்டு நேராக நிற்கும். கொம்பும் கணுவுக்குக் கணு சற்றே திரும்பித் திரும்பிக் கோணலாக வளரும். வன்னியிலோ முள் கணுவில் இராது. இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பட்டையின் மேல், அடி பருத்து நுனி கூர்ந்த சிறு கூம்புகளாக, ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கொம்பின் மேல் மெல்ல விரலை ஓட்டினாலே இது விளங்கிவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: முதிர்ந்த மரத்தின் சில கிளைகளில் முள் மிகவும் அரிதாக இருக்கும் என்பதால், ஒரே கொத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் நாலைந்து கிளைகளையாவது பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் மனத்தில் தங்கிவிட்டது. தமிழில் சீமைக் கருவேலம், இந்தியில் விலாயதி கீக்கர். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள்: தெரிந்த கருவேலத்தின் பெயரோடு அயல்நாட்டு அடையாளத்தைச் சேர்த்து அமெரிக்காவிலிருந்து வந்த மரத்தை அழைத்திருக்கிறார்கள். ஆனால் அது கருவேலத்தின் இனமே அன்று. வன்னியும் அதுவும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தன. 2022இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டபோது, வன்னி புரோசோபிஸ் சினரேரியாவாகவே நிற்க, சீமைக் கருவேலம் நெல்டூமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. பெரியவரின் விரல்கள் ஒரு நொடியில் உணர்ந்த வேறுபாட்டை வகைப்பாட்டியலும் ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. இதுபோல் ஒன்றை மற்றொன்றாக எண்ணிய அனுபவம் உங்களில் யாருக்கேனும் இருந்தால், எந்த அடையாளம் தெளிவு தந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மயூர் விகாரிலிருந்து:

அம்மா, உங்களுடையது பூசைக்கான இலை. எனக்கு நேர்ந்தது சமையலறையில். மழை தொடங்கியதும் யமுனைக் கரையில் தகரை முளைத்துக் கிடக்கும். எங்கள் தருமபுரிப் பக்கத்தில் இளந்தகரையைக் கீரையாக ஆய்வதுண்டு என்பதால், ஆடி மாதத்தில் ஒருநாள் ஒரு பை நிறையப் பறித்து வந்தேன். ஆயும்போது பார்த்தால் அவற்றில் பாதி பொன்னாவிரை. பேயாவிரை என்றும் சொல்வார்களே, அது. இரண்டும் இடுப்பளவுச் செடிகள், இரண்டிலும் மஞ்சள் பூ, இரண்டையும் கசக்கினால் குமட்டும் வாடை. கரையோரத்தில் காய்கறி பயிரிடும் பெண்மணியும் இரண்டையும் ஒரே பெயரால்தான் அழைத்தார்.

தகரையில் சிற்றிலைகள் மூன்று இணை. நுனி அகன்று உருண்டிருக்கும். பொன்னாவிரையில் நான்கைந்து இணை, நுனி கூர்ந்திருக்கும். இதைவிட உறுதியானது, சுரப்பி எனப்படும் சிறு புடைப்பு இலைக்காம்பில் இருக்கும் இடம். தகரையில் கீழ் இணைச் சிற்றிலைகளுக்கு நடுவே, காம்பின் மேல், சிறு முளை போல் நிற்கும். பொன்னாவிரையில் சிற்றிலைகளுக்கு அருகில் ஏதும் இராது. இலைக்காம்பு தண்டோடு சேரும் அடியில், கறுத்த ஒரே ஒரு குமிழாக இருக்கும். புரட்டாசிக்குப் பிறகு குழப்பமே இல்லை: தகரையின் காய் ஊசி போல் மெலிந்து வளைந்து நீளும், ஊசித்தகரை என்ற பெயரே அதனால்தான், பொன்னாவிரையின் காய் தட்டையாக, நடுவில் பழுப்பும் ஓரங்களில் வெளிறிய கோடுமாக மேல்நோக்கி நிற்கும்.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தில்லிக்கு அருகில், மேற்கு உத்தரப் பிரதேசத்தில், மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் சிறு குழந்தைகள் திடீரென வாந்தியெடுத்து நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே வெகுநாள் கருதப்பட்ட அந்த நோய்க்கு, விளையாட்டாகப் பறித்துத் தின்ற பொன்னாவிரை விதைகளே காரணம் என்பதை மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டார்கள். கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அந்த விதை தாக்குகிறது. அன்று பறித்து வந்ததை முழுவதும் கொட்டிவிட்டேன். பிரித்தெடுக்கத் தெரிந்தவர்களும், வீட்டில் குழந்தைகள் இருந்தால், காய்த்த செடியை உள்ளே கொண்டுவர வேண்டாம்.

திமார்பூரிலிருந்து:

நாள்தோறும் காலையில் தில்லியின் வடக்கு ரிட்ஜ் காட்டில் நடப்பவன் நான். வேல மரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். கருவேலம் என்றால் பந்து போன்ற மஞ்சள் பூவும், விதைக்கு விதை இடுங்கி மணிமாலை போல் தொங்கும் நெற்றும் இருக்க வேண்டும். சீமைக் கருவேலத்தின் பூ பந்தாக இராமல் கதிராக நீண்டு தொங்கும். பூக்கும் காலத்தில் இந்த ஒன்றே போதும். வெள்வேலத்துக்கும் பந்துப் பூவே ஆனாலும், அது வெண்மஞ்சள் நிறத்தில் கிளை நுனிகளில் பெருங்கொத்தாக மழைக்காலத்தில் பூக்கும், பட்டையும் வெளிறியது.

நான் பல மாதம் ஏமாந்தது விடத்தலை என்ற முள்மரத்திடம். பூவில்லாத நாளில் அதை ஏதோ ஒரு வேலம் என்றே கடந்து போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருந்ததைக் கண்டு நின்றுவிட்டேன். வேலத்தின் முள்ளில் இலை வராது. விடத்தலையின் முள் கூர்ந்துபோன சிறுகிளை என்பதால் அதில் இலை வரும். சில வாரங்களில் பூத்தபோது மேல்பாதி இளஞ்சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாகத் தலைகீழாய்த் தொங்கிய கதிரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த ஐயமும் எழவில்லை.

ராமகிருஷ்ணபுரத்திலிருந்து, மீண்டும்:

உங்கள் இருவருக்கும் நன்றி. சுரப்பியைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. மயூர் விகார்க்காரரின் குறிப்பைப் படித்த அன்றே எங்கள் குடியிருப்பின் பின்புறச் சுவரோரம் நின்ற செடிகளைப் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் பொன்னாவிரைதான். குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் காய்க்கும் முன்பே தோட்டக்காரரைக் கொண்டு பிடுங்கச் செய்துவிட்டோம்.

வன்னியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குனியில் நஜஃப்கட்டைத் தாண்டி ஹரியானா எல்லையோரம் போயிருந்தபோது, கோதுமை வயலுக்கு நடுவே தனித்தனியாக நின்ற மரங்களை உழவர் ஒருவர் ‘ஜாண்ட்’ என்று காட்டினார். விரலை ஓட்டினேன், முள் கணுவிடையில் இருந்தது. மெலிந்த வெண்மஞ்சள் கதிர்கள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. அடிமரம் வரைக்கும் கோதுமை செழித்து நின்றது. சற்றுத் தள்ளி வாய்க்கால் கரையில் நின்ற விலாயதி கீக்கரின் அடியில் வெறும் மண். அவர் அனுமதியோடு ஒரு சிறு கொத்தை ஒடித்துவந்து பெரியவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பூசையறைக்கு எடுத்துப் போனார்.