ராத்திரிக் கணக்கு

பாளையங்கோட்டை டீச்சர்:
சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்ன இரவு ஆத்தும சோதனையை, அதாவது அன்றைய நாளைக் கடவுள் முன்னால் திருப்பிப் பார்க்கும் ஜெபத்தை, தவக்காலத்தில் ஆரம்பித்தேன். நாலாம் நாளே தூக்கம் ஜெயித்துவிட்டது. விடாமல் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உபதேசம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

மதுரை கண்டக்டர்:
டீச்சர், பதினொரு வருஷமாக டவுன் பஸ்ஸில் இருக்கிறேன். ஆத்தும சோதனை என்றால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் பாவத்தை விரல்விட்டு எண்ணுவது என்றுதான் சின்ன வயசிலிருந்து பழக்கம். ஒரு தியானத்தில் சேசு சபைச் சாமியார் ஒருவர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் நன்றி. அப்புறம் வெளிச்சம் கேட்பது. அதற்குப் பிறகுதான் அன்றைய பொழுதைப் புரட்டுவது. மன்னிப்பும் மறுநாளைக்கான தீர்மானமும் கடைசியில். இஞ்ஞாசியார் எழுதிவைத்த வரிசையே அதுதானாம்.

டிப்போவில் கலெக்‌ஷனைக் கட்டிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, முதல் ட்ரிப்பிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். எங்கே சுருக்கென்றது, எங்கே லேசானது என்று. இஞ்ஞாசியாருக்கும் ஆரம்பம் இப்படித்தான். 1521இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்துவிட, லொயோலாவில் படுக்கையாகக் கிடந்தார். போர்ப் புகழையும் ஒரு சீமாட்டியையும் நினைத்தால் அந்த நேரம் இனிக்கும், பிறகு மனசு காய்ந்துவிடும். புனிதர்கள் போன வழியில் போவதாக நினைத்தால் அந்த இனிப்பு பிறகும் தங்கும். அந்த வித்தியாசத்தைக் கவனித்தார். செல்லாத காசு விரலில் பட்டதுமே எங்களுக்குத் தெரிந்துவிடும்; அது மாதிரி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். திருமங்கலம் போக வேண்டிய பெரியவர் ஒருவர் எங்கள் வண்டியில் ஏறிவிட்டார். நல்ல கூட்டம். “போர்டு பார்த்து ஏற மாட்டீரா?” என்று கத்தி அடுத்த ஸ்டாப்பில் இறங்கச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து செருப்பைத் தேடினார். ஒன்றுதான் அகப்பட்டது. அதோடு இறங்கினார், நான் விசில் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு பகல் முழுக்க அந்த நினைப்பே இல்லை. ராத்திரி பெஞ்சில் நன்றி சொல்ல ஆரம்பிக்கும் முன்னாலேயே அந்த ஒற்றைக் கால்தான் வந்து நின்றது. எழுந்துபோய் வண்டியில் தேடினேன். பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது, ஈரத்தோடு. ரப்பர் செருப்பு, வார் கம்பியால் கட்டியது.

மணப்பாடு நர்ஸ்:
நான் இஞ்ஞாசியாரின் தோழர் புனித சவேரியார் தங்கிய குகையைப் பார்த்து வளர்ந்தவள். இருந்தும் அம்மா போன பிறகு ஏழு மாதம் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. ராத்திரி திருப்பிப் பார்த்தால் வார்டு, மருந்து, குளியல், தூக்கம். விட்டுவிடுகிறேன் என்று எங்கள் ஆன்ம வழிகாட்டியிடம் சொன்னேன். வறட்சியில் இருக்கும்போது பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி என்றார். அத்தோடு விட்டாரா? ஜெபிக்க மனசில்லாத நாளில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இரு என்பதும் அவர் சொன்னதுதானாம். எரிச்சலாக வந்தது. ஒரு நிமிடம், போனால் போகிறதென்று கூட்டினேன்.

அந்த ஒரு நிமிடத்தில் மூன்றாம் கட்டில் பாட்டி வந்தார். ஊசி போடும்போது என் கோட்டைப் பிடித்திருந்தார்; மத்தியானம் வெடுக்கென்று விடுவித்துக்கொண்டு போனவள் நான். கடவுளைப் பார்த்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அந்தப் பிடி தெரிந்தது. அம்மா போனபின் அன்றைக்குத்தான் அழுதேன்.

பாளையங்கோட்டை டீச்சர்:
கண்டக்டர் அண்ணே, அந்தச் செருப்பு?

மதுரை கண்டக்டர்:
பைக்குள்தான் இருக்கிறது டீச்சர். அவர் இறங்கிய ஸ்டாப்பில் பெரியவர்கள் யார் ஏறினாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒருத்தர், “என்னப்பா என் காலையே பாக்குற, காசு கீசு விழுந்து கெடக்கா?” என்றார்.