பிரதேச செயலகம் பிரிந்தால் பல்கலைக்கழகக் கோட்டா மாறுமா?

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவவில் இருந்து பிரிந்து நோர்வூட் தனிப் பிரதேச செயலகம் ஆகிவிட்டது. தோட்டப் பிள்ளைகளின் கெம்பஸ் கோட்டா, பாடசாலை முதலாம் தர அனுமதி ரெண்டும் மாறுமா?

பதில் 1: கோட்டா மாறாது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்குக் கணக்கு மாவட்டத்தை வைத்துத்தான்: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 5 வீதம் பெறும் மாவட்டங்களில் நுவரெலியா, பதுளை இருக்கு, கண்டி இல்லை. பயப்படுவதென்றால் மாவட்ட எல்லைக்குப் பயப்படுங்கள்.

பதில் 2: முதலாம் தரத்துக்கு வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தை நேர்கோட்டில்தான் அளப்பார்கள். சிக்கல் கடதாசியில். பழைய வாக்காளர் இடாப்பில் ஒரு பிரிவுப் பெயர், புதிய சான்றிதழில் வேறு பெயர் என்றால் நேர்முகத்தில் மடக்குவார்கள். கிராம அலுவலரிடம் பழைய பெயர், இலக்கம் இரண்டையும் குறித்த கடிதம் எடுத்து, புதிய செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். லயன் (தோட்டக் குடியிருப்பு வரிசை) இலக்கத்தை இடாப்பில் உள்ளபடியே எழுதுங்கள். ஒன்றில் 'மேல்பிரிவு', மற்றதில் 'அப்பர் டிவிசன்' என்றிருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

பதில் 3: கல்வி வலயம் வேறு கதை. நுவரெலியா மாவட்டத்தில் 5 செயலகங்கள் 10 ஆனதால் வலயம் தானாகக் கூடாது. ஆசிரியர் இடமாற்றத்துக்கு ஹட்டன் வலயம்தான்.