பீங்கான் கிரில்லில் வெப்பம் அடங்கவில்லை: கரியா, கேஸா?

எங்களுடைய 18 அங்குல கமாடோ வகைப் (மூடியுள்ள, முட்டை வடிவ) பீங்கான் கிரில்லில் 110 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய வெப்பம், மூன்று மாதங்களாக, ஒரு மணி நேரத்துக்குள் 170-ஐத் தாண்டிவிடுகிறது. தடித்த சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏறியது எளிதில் இறங்குவதுமில்லை.

கரியைக் குறைவாகப் பற்றவைத்தேன், சாம்பலை முழுவதும் அகற்றினேன், மூடி விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் ஃபெல்ட் பட்டையையும் மாற்றிவிட்டேன். மேலும் கீழும் உள்ள காற்றுத் திறப்புகளை முற்றிலும் அடைத்தாலும், பின்புறக் கீல் அருகே புகை கசிகிறது; அந்த வழியே காற்றும் உள்ளே புகுந்து கரியைத் தூண்டுகிறதோ என்று சந்தேகம். கிரில் இருப்பது காற்று வீசும் திறந்த முற்றத்தில்.

கேஸ் பர்னர் பொருத்தினால் குமிழைத் திருப்பியே வெப்பத்தை அடக்கலாம் என்கிறார்கள். ஆனால் கேஸ் எரியத் தொடர்ந்து காற்றோட்டம் வேண்டும் என்பதால் கரிக்குச் செய்வதுபோல் திறப்புகளை நெருக்கிவைக்க முடியாது, கரியின் புகைமணமும் போய்விடும் (எனக்கு அதுதான் பெரிய இழப்பு).

கீலைச் சரிசெய்தால் கரியிலேயே 110 டிகிரி நிலைக்குமா, அல்லது கேஸுக்கு மாறுவதுதான் வழியா?