அண்ணா சாலை கன்னிமரா ஹோட்டலில் 2 இரவு: எந்த அறை, எவ்வளவு வரி, எதை எந்த நாளில் பார்ப்பது?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம்ங்க. ஜனவரி மூன்றாவது வாரம் அப்பா அம்மாவோடு சென்னை வருகிறோம். வெள்ளிக்கிழமை கோவை எக்ஸ்பிரஸில் வந்து மதியம் 2 மணிவாக்கில் சென்ட்ரலில் இறங்குவோம். ஞாயிறு ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் திரும்பல். அப்பாவுக்குப் பழைய கட்டடம், சிற்பம் என்றால் உயிர். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனால் கோயிலை விடமாட்டார்.

தங்குவதற்கு ஸ்பென்சர் பக்கத்துக் கன்னிமராவைப் பார்த்து வைத்திருக்கிறோம். போட்டிருக்கும் திட்டம் இது: வெள்ளி மாலை எழும்பூர் அருங்காட்சியகம், சனிக்கிழமை மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மெரினா. ஞாயிறு காலை புனித ஜார்ஜ் கோட்டை. சரிவருமா? அறை கேட்கும்போது எதைச் சொல்லிக் கேட்க வேண்டும், வரியோடு எவ்வளவு வரும், ஞாயிறு பெட்டிகளை எங்கே வைப்பது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பின்னிரோடு:

ஹோட்டல் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊர் சுற்றுவதை மற்றவர்கள் சொல்லட்டும்.

1854ல் இம்பீரியல் என்ற பெயரில் தொடங்கிய ஹோட்டல் இது. பிறகு ஆல்பனி ஆகி, 1890ல் கன்னிமரா ஆனது. அப்போதைய மதராஸ் கவர்னர் கன்னிமரா பிரபுவின் பெயர். இன்று வெளியே தெரியும் வளைந்த வெள்ளை முகப்பு 1930களின் ஆர்ட் டெகோ பாணி. 1974ல் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா மாடிக் கட்டடத்தையும் நீச்சல் குளத்தை ஒட்டிய பகுதியையும் சேர்த்தார். அதாவது ஒரே வளாகத்தில் இரண்டு வெவ்வேறு காலம் இருக்கிறது. அறை பதிவில் ஆட்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். இணையத்தில் பழைய பகுதியின் உயர்ந்த கூரையைப் பார்த்துவிட்டு, இருப்பதில் குறைந்த கட்டண அறையைப் பதிவு செய்வார்கள். கிடைப்பது மாடிக் கட்டடத்து அறை. அது மோசமான அறை இல்லை, ஆனால் உங்கள் அப்பா தேடி வருவது அதுவல்ல. பதிவில் அறை வகையின் பெயரிலேயே பழைய பகுதி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போனில் பேசி, மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். "முயற்சி செய்கிறோம்" என்ற பதிலை உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே மின்னஞ்சலில் அம்மாவுக்காக இரண்டு விஷயம் கேளுங்கள். லிப்ட்டிலிருந்து அறை எவ்வளவு தூரம் என்பது ஒன்று. குளியலறையில் தொட்டிக்குள் ஏறி இறங்காமல் நின்று குளிக்கத் தனி இடம் இருக்கிறதா என்பது இன்னொன்று. மூட்டுவலிக்காரர்களுக்கு ஈரத் தொட்டியைத் தாண்டுவதுதான் பெரிய ஆபத்து, படிக்கட்டுகூட அவ்வளவு இல்லை.

வரி: ஒரு இரவுக்கு அறைக் கட்டணம் 7,500 ரூபாய் வரை 5%, அதைத் தாண்டினால் 18%. தாண்டிய பகுதிக்கு மட்டும் 18% இல்லை, முழுத் தொகைக்கும். 7,400க்கு வரி 370. 7,600 ஆனால் 1,368. கணக்கில் வருவது உங்களிடம் உண்மையில் வாங்கும் கட்டணம்தான், அச்சடித்த கட்டணம் அல்ல. எனவே தள்ளுபடி போக 7,500க்குக் கீழே வந்தால் 5%தான். இந்த ரக ஹோட்டலின் உள்ளே சாப்பிட்டாலும் பெரும்பாலும் 18%, வெளியே சாதாரண உணவகத்தில் 5%. மூன்று பேர், இரண்டு நாள் என்றால் வித்தியாசம் கையைக் கடிக்கும். பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை.

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும். முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் கணக்குக்குத் திரும்பச் சில நாள் ஆகும், கிரெடிட் கார்டே நல்லது.

ஆட்டோக்காரரிடம் வெறுமனே "கன்னிமரா" என்று சொல்லாதீர்கள். எழும்பூரில் அதே கவர்னர் பெயரில் நூலகம் இருக்கிறது. "ஸ்பென்சர் பக்கம், பின்னி ரோடு" என்றால் குழப்பம் வராது. சென்ட்ரலில் இருந்து மெட்ரோ நீல வழித்தடம் நேர், அரசினர் தோட்டம் தாண்டினால் எல்ஐசி. ஆனால் எல்லா வாசலிலும் லிப்ட் இல்லை. வெளியேறும் முன் லிப்ட் உள்ள வாசல் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டிகள் அதிகம் என்றால் சென்ட்ரலிலிருந்தே வண்டி எடுத்துவிடுங்கள்.

---

பாந்தியன்சாலை:

முதலில் திட்டத்தை மாற்றுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். வெளியூரிலிருந்து வெள்ளி மதியம் வருபவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது இங்கே அடிக்கடி நடப்பது. தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும், குடியரசு தினம் உங்கள் தேதியோடு ஒட்டினால் கவனம்.

சனிக்கிழமை காலை 9.30க்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள். 1851ல் தொடங்கிய நிறுவனம், வளாகத்தில் பல தனித்தனிக் கட்டடங்கள். எல்லோரும் செய்யும் தவறு, வாசலுக்கு அருகில் இருப்பதிலிருந்து வரிசையாகப் பார்த்து வருவது. விலங்கியல், புவியியல் கூடங்களைத் தாண்டுவதற்குள் கால் ஓய்ந்துவிடும், செப்புத் திருமேனிகளுக்கு வரும்போது உட்கார இடம் தேடுவார்கள். தலைகீழாகப் போங்கள். நேராகச் செப்புத் திருமேனிக் கட்டடம். திருவாலங்காட்டு நடராசர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், வடக்குப்பனையூர் இராமர், சீதை, இலக்குவன் தொகுதி, நாகப்பட்டினத்துப் புத்தர்கள் எல்லாம் இங்கேதான். அர்த்தநாரீசுவரரை முன்னால் மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஆண் பக்கம் இடுப்பு நேராக இறங்குவதும், பெண் பக்கம் வளைந்து ஒதுங்குவதும் பக்கவாட்டில் நின்றால்தான் முழுதாகத் தெரியும். சோழர் காலத்து வார்ப்பில் இதற்கு இணையாகச் சொல்ல மிகச் சிலவே உண்டு. அப்பாவை அவசரப்படுத்தாமல் இங்கே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

அடுத்து அமராவதிக் கூடம். கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1840களில் வால்டர் எலியட் தோண்டி மதராசுக்கு அனுப்பியவற்றில் பெரும்பகுதி லண்டன் போய்விட்டது. இங்கே இருப்பதும் உலகத்தரம்தான். இவை இரண்டையும் பார்த்தாலே நண்பகல் ஆகிவிடும். மீதிக் கூடங்களை மனசார விட்டுவிடலாம். அதே வளாகத்தில் ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக்கல் கட்டடத்தை வெளியிலிருந்தே பார்த்தாலும் போதும். கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

பக்கத்தில் கன்னிமரா நூலகம், 1896 டிசம்பரில் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய கூடத்தைப் பார்க்க விரும்பினால் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

---

மாடவீதி:

கோயில்கள் மதியம் நடை சாத்துபவை. மயிலைக் கபாலீசுவரரும் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதியும் நண்பகல் வாக்கில் மூடி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். நீங்கள் போட்டபடி சனிக்கிழமை எல்லாவற்றையும் அடுக்கினால் இரண்டில் ஒன்று நடை சாத்திய நேரத்தில்தான் மாட்டும்.

வெள்ளி மாலையைத் திருவல்லிக்கேணிக்குக் கொடுங்கள். 3 மணிக்கு அறைக்குப் போய்க் குளித்துவிட்டு 4.30க்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஹோட்டலில் இருந்து இரண்டரை கிலோமீட்டர் அளவுதான். பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, அப்பாவுக்குச் சொல்லுங்கள். மூலவர் மீசையோடு நிற்பார், உற்சவர் திருமுகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட வடுக்கள். மடப்பள்ளிச் சர்க்கரைப் பொங்கல் வாங்காமல் வரக்கூடாது. அங்கிருந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லம் நடக்கும் தூரம், ஆனால் அலுவலக நேரத்துக்குப் பிறகு உள்ளே பார்க்க முடியாது. திரும்பும் வழியில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1795ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி, மரமும் இரும்பும் இல்லாத கருங்கல் கட்டடம். இரவுச் சாப்பாடு அதே சாலையில் ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. இட்லி மூழ்கும் அளவு சாம்பார் ஊற்றுவார்கள், ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

மயிலாப்பூரை ஞாயிறு காலைக்கு வையுங்கள். 6.30க்குக் கோயிலில் இருந்தால் கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. தைப்பூசத்தையொட்டி மூன்று நாள் தெப்பம் நடக்கும். உங்கள் தேதி அதில் விழுந்தால் மாலையில் குளத்தைச் சுற்றி நிற்க இடம் கிடைக்காது, காலைதான் ஒரே வழி. தரிசனம் முடிந்து அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். இங்கே சாப்பிடுவதாக இருந்தால் ஹோட்டலில் காலை உணவு சேர்ந்த கட்டணத்தைப் பதிவு செய்வது வீண், இரண்டு காலையில் ஒன்று போய்விடும்.

பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் எல்லாம் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். சொன்னது உண்மைதான், கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் நிலையங்கள் உயரத்தில் இருக்கின்றன, லிப்ட், நகரும் படிக்கட்டை நம்ப முடியாது. அம்மாவை அழைத்துக்கொண்டு வேண்டாம். மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகச் சாலைகளைத் திருப்பி விட்டிருக்கலாம். ஆட்டோவைக் குளக்கரை வரை வரச்சொல்லிப் பிடிவாதம் செய்வதைவிட, எந்த முனையில் இறங்கினால் நடை குறையும் என்று ஓட்டுநரிடமே கேளுங்கள்.

---

கொடிமரம்:

கோட்டையை ஞாயிறு காலை வைத்ததில் ஒரு சிக்கல். 1680ல் கட்டிய புனித மேரி தேவாலயத்தில் அப்போது வழிபாடு நடக்கும், நிதானமாகக் கல்லறைக் கற்களைப் படிக்க முடியாது. சனிக்கிழமை மதியம்தான் சரியான நேரம். தலைமைச் செயலகத்துக்கு விடுமுறை என்பதால் கூட்டம் குறைவு. பாதுகாப்புச் சோதனை எப்போதும் உண்டு, அடையாள அட்டையும் குறைந்த பையும் போதும். 3 மணிக்குள் உள்ளே போனால் 5 மணிக்கு அருங்காட்சியகம் மூடும்வரை நேரம் இருக்கும். முதலில் அருங்காட்சியகம், பிறகு தேவாலயம் என்று வையுங்கள். தேவாலயத்தைப் பொறுத்தவரை அதன் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பீரங்கிக் குண்டு தாங்க வேண்டும் என்று மரம் சேர்க்காமல் தடித்த செங்கல் வளைவாகக் கட்டியது. 1753ல் ராபர்ட் கிளைவின் திருமணம் இங்கேதான் நடந்தது.

குடியரசு தினத்துக்கு முந்தைய நாட்களில் காமராசர் சாலையில் காலையில் அணிவகுப்பு ஒத்திகை நடக்கும், போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். போக்குவரத்துக் காவல் துறையின் அறிவிப்பை முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் எது இருந்தாலும் பிற்பகலுக்குத் தள்ளினால் தப்பிக்கலாம்.

---

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். அப்படியானால் வெள்ளி மாலை திருவல்லிக்கேணி, சனி காலை அருங்காட்சியகம், மதியம் கோட்டை, ஞாயிறு காலை மயிலாப்பூர். ஞாயிறு அறையைக் காலி செய்த பிறகு ரயில் வரைக்கும் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? ஒரு வேளை ஹோட்டலின் செட்டிநாட்டு உணவகத்தில் சாப்பிடவும் ஆசை.

---

பின்னிரோடு:

அந்தச் செட்டிநாட்டு உணவகமான ரெயின்ட்ரீயில் சாப்பிடுவதென்றால் சனிக்கிழமை இரவு. கோட்டைக்குப் பிறகு மறுபடி வெளியே அலைய வேண்டாம். அறை பதிவு செய்திருந்தாலும் மேசைக்குத் தனியாகச் சொல்லி வையுங்கள். சனி இரவு உள்ளூர்க்காரர்களே நிறைய வருவார்கள்.

பெட்டிகளை ஹோட்டல் வாசல் மேசையிலேயே விடலாம், சீட்டு கொடுப்பார்கள். சென்ட்ரல் பொருள் வைப்பறையும் இருக்கிறது. அங்கே பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள், பயணச்சீட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். கட்டைப்பை, மஞ்சள் பை எல்லாம் ஏற்க மாட்டார்கள். அதனால் ஹோட்டலே மேல். மருந்துப் பையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மாடவீதி:

12 மணிக்குக் காலி செய்துவிட்டு, அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் போங்கள். 1844ல் தொடங்கிய புத்தகக் கடை, இப்போதைய கட்டடம் 1904. ஞாயிறு திறப்பு நேரத்தை மட்டும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். நந்தனத்தில் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்தால் எல்ஐசியிலிருந்து அதே மெட்ரோ வழித்தடம்தான், ஆனால் உள்ளே நிறைய நடை.

3 மணிக்குக் கலங்கரை விளக்கம். 1 முதல் 3 வரை மூடியிருக்கும், 5க்கு மேல் விடமாட்டார்கள், திங்கள் விடுமுறை. லிப்ட் இருப்பதால் அம்மாவும் மேலே வரலாம். வரிசை நீளமாக இருந்தால் காத்திருக்காமல் சாந்தோம் பேராலயத்துக்குப் போய்விடுங்கள், பக்கம்தான். இப்போதுள்ள கட்டடம் 1896. புனித தோமாவின் கல்லறைச் சிற்றாலயத்துக்கு வழி தேவாலயத்துக்குள் இல்லை, பின்புறமாகச் சுற்றிப் போக வேண்டும். கீழே இறங்கப் படிகள் உண்டு, கைப்பிடி உள்ள பக்கமாக அம்மாவை அழைத்துப் போங்கள். 6.30க்கு ஹோட்டலில் பெட்டிகளை எடுத்து, வழியில் டிபன் முடித்தால், 9 மணிக்குச் சென்ட்ரல் நடைமேடையில் இருக்கலாம்.