பழைய படம், புத்தகம் எதையும் பின்பக்கம் பார்த்து வாங்குகிறவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வண்ணை வாசகன்:
நான் வழக்கமாகப் போகும் பழைய பேப்பர் கடைக்கு ஒரு கட்டுப் புகைப்படம் வந்திருந்தது. பத்திரிகையில் வேலை பார்த்த யாரோ வீட்டைக் காலி செய்தபோது போட்ட சரக்கு. எல்லாம் கறுப்பு வெள்ளை, எட்டுக்குப் பத்து அங்குலம். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், முழங்கால் தண்ணீரில் நிற்கும் பஸ், மேடையில் மாலையோடு ஒரு மந்திரி. கடைக்காரர் தெரிந்தவர், எனக்காக ஓரமாக எடுத்து வைத்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். "பின்னாடி அழுக்குச் சீட்டு ஒட்டியிருந்துது சார், ஈரத்துணி போட்டு எல்லாத்தையும் உரிச்சிட்டேன்" என்றார், பெருமையாக வேறு.

பத்திரிகைப் படத்துக்கு உயிரே அந்தச் சீட்டுதான். தட்டச்சு செய்த குறிப்பு, எடுத்த இடம், தேதி, அனுப்பியவரின் ரப்பர் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். அது போனால் மந்திரி வெறும் மந்திரி, வெள்ளம் ஏதோ ஒரு வருஷத்து வெள்ளம். அடியில் கிடந்த சில படங்கள் மட்டும் தப்பியிருந்தன. கட்டை எடைக்கே வாங்கி வந்துவிட்டேன். சிலவற்றில் தலையைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட், ஓரத்தில் சிவப்புப் பென்சில் கோடு. துடைக்கலாமா?

ராயபுரத்தான்:
தொடவே தொடாதீர்கள். என் மாமா அச்சுக்கு பிளாக் செய்யும் வேலையில் இருந்தவர். புகைப்படத்தை அப்படியே அச்சில் ஏற்ற முடியாது. ஆப்செட் அச்சுமுறை வருவதற்கு முன்னால், கோடு போட்ட கண்ணாடித் திரை வழியாகப் படமெடுத்து, புள்ளிகளாக உடைத்து, துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்து பிளாக் ஆக்குவார்கள். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும் என்பதால் திரை முரடாகத்தான் இருக்கும், அங்குலத்துக்கு 65 கோடு மாதிரி. அந்தப் புள்ளியில் கறுப்புத் தலைமுடியும் இருட்டுப் பின்னணியும் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்து விளிம்பில் வெள்ளை பூசுவார். சிவப்புக் கோடு, எதுவரை வெட்டணும் என்பதற்கு. வெட்டுக்கு வெளியே போனதைப் பாருங்கள், என்னைக் கேட்டால் அதுதான் சுவாரசியம். மாமா காட்டிய ஒரு படத்தில் தலைவருக்குக் குடை பிடித்தவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தார்கள். பேப்பரில் குடை மட்டும் தானாக நின்றிருக்கும்!

கொண்டித்தோப்பு:
புத்தகத்திலும் இதே கொடுமைதான். எங்கள் பேட்டையில் இரத்தின நாயகர் ஸன்ஸ் என்ற பதிப்பகத்தார் பெரிய எழுத்துப் புத்தகங்களாகப் போட்டுத் தள்ளிய காலம் உண்டு. அப்படிப்பட்ட பழசு எதையாவது பைண்டிங்குக்குக் கொடுத்தால் முதல் வேலையாக அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

அல்லிக்குளத்தில், அதாவது 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் போன இடத்தில், ஒரு பாட்டுப் புத்தகம் எடுத்தேன். முகப்பில் ஆனந்த வருஷம் என்று மட்டும் இருந்தது. அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வருவது: 1854, 1914, 1974. விலை ஒன்றரை அணா. 1957-இலேயே அணா போய் நயா பைசா வந்துவிட்டதால் 1974 அடிபட்டது. மிச்ச வழக்கைத் தீர்த்தது பின் அட்டை விளம்பரம்: கிராமபோன் ஊசி! 1854-இல் ஏது கிராமபோன்? அந்த அட்டை போயிருந்தால் யாராவது அதை 1854 பதிப்பு என்று சொல்லி என் தலையில் கட்டியிருப்பார்கள்.

பெரம்பூர் பையன்:
என் தலையில் கட்டப் பார்த்தது பாரிமுனையில். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைமேல் குண்டு போட்டு பர்மா ஆயில் டாங்க் எரிந்த படம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி நடந்த சம்பவம், அப்போதே பிரிண்ட் போட்ட ஒரிஜினல் என்றார் ஒருவர். விலையும் அதற்குத் தகுந்தபடி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் படம் முழுக்க அச்சுப் புள்ளி. ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்த காப்பி. திருப்பினால் வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சுத் தாள், அந்த வகை பரவலானதே 1970-களில்தான். சொன்னேன். "அப்ப நீங்களே ஒரு விலை சொல்லுங்க தம்பி" என்றார் கொஞ்சமும் அசராமல்.

வண்ணை வாசகன்:
துடைக்கவில்லை, நன்றி அண்ணே. இந்தப் படங்களை வைத்து ஒரு சின்னப் புத்தகம் போடலாமா?

ராயபுரத்தான்:
தாள்தான் உங்களுடையது, உரிமை வேறு. பத்திரிகையில் வெளியான படத்துக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை என்று முன்பு இருந்தது. 2012-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, எடுத்தவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. எடுத்தவர் யார், தேதி என்ன என்று தெரிந்தால்தான் கணக்கே போட முடியும். மந்திரிக்குப் பின்னால் துணியில் ஏதாவது எழுதியிருக்கிறதா? 'தமிழ்நாடு அரசு' என்றிருந்தால் 1969-க்கு அப்புறம்தான். 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரிக் கொம்பு போட்ட பழைய எழுத்தா என்றும் பாருங்கள். அரசாங்கம் அதை மாற்றியது 1978-இல். அந்தப் படத்தை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.